கூலிக்குக் கடித்த விரியன்

கோரைச்சுனைக் காட்டில் இருளாண்டி என்றொரு கண்ணாடி விரியன் இருந்தது. ஒரு காலத்தில் அதன் பெயரைக் கேட்டாலே கடமான்கூடத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும்.

அந்தக் காட்டில் கோடைக்கு வற்றாத நீர் கோரைச்சுனை ஒன்றுதான். அதை மொக்கையன் என்ற கழுதைப்புலி தன் கூட்டத்தோடு வளைத்துப் போட்டிருந்தது. தண்ணீர் குடிக்க வரும் ஒவ்வொரு கூட்டமும் கோடைக்கு ஒரு குட்டியைக் கப்பமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்று எந்தத் தலைவனாவது துணிந்து சொல்லிவிட்டால் மொக்கையன் சண்டைக்குப் போகாது. சிரித்துக்கொண்டே, "சரிப்பா, உன் இஷ்டம்" என்று அனுப்பிவிடும். அந்தத் தலைவன் வீடு திரும்பும் வழியில் சருகுக்குள் கால் வைப்பான். அதற்கப்புறம் எழுந்து நடக்க மாட்டான்.

அந்தச் சருகுக்குள் கிடந்தது இருளாண்டி.

பசிக்குக் கொல்வதைக் காடு பாவமாக நினைப்பதில்லை. பகைக்குக் கொல்வதும் அங்கே நடக்கிறதுதான். இருளாண்டிக்கோ தான் கடித்தவர்கள்மேல் பசியும் இல்லை, பகையும் இல்லை. மொக்கையன் ஒரு பெயரைச் சொல்லும்; இருளாண்டி போகும்; கடிக்கும்; திரும்பி வரும். சுனைப் பாறையடி எலிவளைகள் எல்லாம் அதற்கு மானியம். கடித்த பின் அது ஒருபோதும் நின்று பார்த்ததில்லை. சாவு என்பது தன் முதுகுக்குப் பின்னால் நடக்கிற ஏதோ ஒரு சங்கதி என்றே அது இருந்துவிட்டது.

ஒரு கோடையில் ஒரு கிழக் கடமானைக் கடித்தது. வழக்கம்போல ஊர்ந்து போகத் திரும்பியது.

"போயிடாதே!" என்றது கடமான்.

இருளாண்டி திடுக்கிட்டு நின்றது. கடிபட்ட எவரும் அதனிடம் அப்படிச் சொன்னதில்லை.

"கடிச்சது கடிச்சிட்டே. நான் செத்துப்போற வரைக்கும் இங்கேயே இரு. தனியாக் கிடக்கப் பயமா இருக்கு!"

ஏனோ அந்த ஒரு தடவை இருளாண்டி இருந்துவிட்டது. கடமானின் கால் வீங்குவதைப் பார்த்தது. மூக்கில் ரத்தம் கசிவதைப் பார்த்தது. தன் குட்டிக்காலத்தில் எந்த மரத்தின் நெல்லிக்காய் இனிப்பாக இருக்கும் என்று கடமான் சொல்லிக்கொண்டே வந்ததைக் கேட்டது. பேச்சு பாதியில் நின்றது. இருளாண்டி வெகுநேரம் மீதிப் பேச்சுக்காகக் காத்திருந்தது.

மறுநாள் காலையில் மொக்கையன் முன்னால் போய் நின்றது.

"இனிமே என் பல்லு என் வயித்துக்கு மட்டும்தான். நீ வேற ஆளைப் பார்த்துக்கோ."

கூட்டத்தில் இருந்த மற்ற கழுதைப்புலிகள் உறுமின. மொக்கையன் அவற்றை அடக்கியது. "விடுங்கடா. வயசாயிடுச்சு. ஓய்வா இருக்கட்டும்!" என்று சொல்லி வழி விட்டது.

இவ்வளவு எளிதாக விட்டுவிட்டானே என்று இருளாண்டி அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

காட்டின் மறுகோடியில், ஓடைக்கரையில், கறையான்கள் விட்டுப்போன ஒரு புற்றில் அது குடியேறியது. அங்கே முயல்கள் இருந்தன, புள்ளிமான்கள் இருந்தன, குரங்குகள் இருந்தன. யாரும் அதன் பக்கத்தில் வரவில்லை. இருளாண்டி யாரையும் குறை சொல்லவில்லை. ஓடைக்கு அந்தப் புறம் உள்ள எலிகளை மட்டும் தின்றது. (எலிகளின் கருத்தை யாரும் கேட்கவில்லை.) குட்டிகள் விளையாடிக்கொண்டே புற்றுப் பக்கம் வந்தால் தூரத்திலேயே பலமாகச் சீறும். "இங்கே நான் கிடக்கேன், சுத்திப் போங்க!" என்று அதற்கு அர்த்தம். குட்டிகளும் பழகிக்கொண்டன.

முதலில் பேச வந்தது செவந்தி என்ற சருகுமான். பூனை அளவுதான் இருக்கும். காற்றடித்தால் ஓடும் பிறவி. அது ஒருநாள் எட்ட நின்றுகொண்டு சொன்னது: "அண்ணே, நேத்து என் மகள் ஓடி வந்தப்போ சீறினீங்களே, அதுக்குத்தான் வந்தேன். நல்லா இருங்க!"

'அண்ணே!' அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இருளாண்டி அன்று முழுவதும் வெயில் காய்ந்தது.

அதற்கப்புறம் செவந்தி சாயங்காலங்களில் வரும். எட்ட நின்றே பேசும். எந்தப் பக்கம் புல் துளிர்த்திருக்கிறது, எந்தக் குரங்கு யாரோடு சண்டை என்று சொல்லும். இருளாண்டி கேட்டுக்கொண்டிருக்கும். வாழ்க்கையில் அதுவரை அதனிடம் யாரும் சும்மா பேசியதில்லை.

இப்படி இருக்கையில் அந்தக் காட்டுக்குச் சடையன் என்ற காட்டுப்பன்றி வந்து சேர்ந்தது. முரட்டு உடம்பு, நீண்ட கோரைப் பல், பிடரியெல்லாம் சடை. வந்தது சும்மா இருக்கவில்லை. வற்றிய ஓடையின் மணலை மோந்து பார்த்தது. ஓரிடத்தில் தோண்ட ஆரம்பித்தது. தோண்டத் தோண்ட ஈரம் வந்தது. அப்புறம் ஊற்று வந்தது.

"குடிங்கப்பா! மண்ணு கொடுக்குது, நான் யாரு கேட்க?" என்றது சடையன்.

காடே ஊற்றுக்குத் திரும்பியது. கோரைச்சுனைக்குப் போகிற கால்தடங்கள் குறைந்தன. மொக்கையனுக்குக் கப்பம் வரவில்லை. குட்டி தின்று பழகிய கூட்டம் காய்ந்த எலும்பைக் கடித்துக்கொண்டு ஒன்றை ஒன்று முறைத்தது.

மொக்கையன் தன் கையாளான சிங்காரம் என்ற நரியை அனுப்பியது.

நரி புற்றின் முன்னால் வந்து பணிவாக உட்கார்ந்தது. "அண்ணே! உடம்பு எப்படி இருக்கு? பெரியவர் விசாரிக்கச் சொன்னாரு."

"விசாரிச்சாச்சுல்ல? போ!"

"அந்தப் பன்றி இருக்கே, சடையன்..."

"அதுக்கு என்ன?"

"அது தடியன், அண்ணே. எங்க ஆளுங்க நாலு பேரு சேர்ந்தாலும் வயித்தைக் கிழிச்சிடும். ஒரே ஒரு கடி. நீங்க மனசு வச்சா..."

"சிங்காரம், நான் சீற ஆரம்பிக்கிறதுக்குள்ளே எழுந்திரு!"

நரி எழுந்தது. கோபப்படவில்லை. "அண்ணே, நீங்க இங்கே நல்லவரா இருக்கீங்க. சந்தோஷம். ஆனா இந்த ஊரு உங்களை நல்லவர்னு நம்புதா? ஒருநாள் பார்த்துக்குவோம்!" என்று சொல்லிவிட்டு நடந்தது.

சில நாள் கழித்து, புள்ளிமான் கூட்டத்துக் குட்டி ஒன்று பாறை ஏறப்போய் வழுக்கி விழுந்து செத்தது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. முதலில் அந்த இடத்துக்கு வந்தது நரி. தின்ன வாயைத் திறந்த நரி, தின்னாமல் மூடிக்கொண்டது. கருவேலமரத்தில் ஒரு நீண்ட முள்ளைக் கடித்துப் பறித்து வந்தது. குட்டியின் பின்னங்காலில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு குத்து குத்தியது. பிறகு செத்த உடலை மெல்ல இழுத்து வந்து இருளாண்டியின் புற்றுக்கு அருகில் போட்டுவிட்டுப் போய்விட்டது.

இதை மரத்தின் மேலிருந்து ஒரு கிழக் குரங்கு முழுவதும் பார்த்தது. பார்த்துவிட்டு, எனக்கென்ன வந்தது என்று இலைகளுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

புள்ளிமான்களின் தலைவன் கொம்பையன் குட்டியைக் கண்டது. காலில் இரண்டு துளைகளைக் கண்டது. அதற்கு மேல் அதற்கு எதுவும் தேவைப்படவில்லை.

"ஐயோ! பாம்பு தன் புத்தியைக் காட்டிருச்சு!" என்று அலறியது.

காடு திரண்டு புற்றுக்கு வந்தது. குரங்குகள் கல்லை எறிந்தன. மான்கள் குளம்பால் மண்ணைக் கிளறின. கூட்டத்துக்கு முன்னால் சடையன் நின்றுகொண்டு எல்லோரையும் பார்த்து ஏதோ கத்தியது. கூச்சலில் அது என்ன சொன்னது என்று இருளாண்டிக்குக் கேட்கவில்லை. அதன் தந்தம்போன்ற பற்களும் திறந்த வாயும் மட்டும் தெரிந்தன.

"நான் கடிக்கலை!" என்றது இருளாண்டி. "அது கூட்டமே இல்லாமத் தனியாச் செத்துக் கிடந்துச்சு. வீக்கம் இருக்கா பாருங்க! ரத்தம் வந்திருக்கா பாருங்க! என் விஷம் எப்படிக் கொல்லும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்! உனக்குத்தான் நல்லாத் தெரியும்!" என்றது கொம்பையன்.



கூட்டத்தின் ஓரத்தில் செவந்தி தன் மகளை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு நின்றது. இருளாண்டி அதைப் பார்த்தது. செவந்தி கேட்டது:

"அண்ணே... நீதானா?"

கல் பட்ட இடம் வலிக்கவில்லை. இந்தக் கேள்வி வலித்தது. எப்போதும் 'நீங்க' என்பவள் 'நீ' என்றுவிட்டாள். இருளாண்டி புற்றின் பின்வழியாக இறங்கி, புதரில் புகுந்து போனது.

எங்கே போவது? முயல்வளைகள் இருந்த மேட்டில் ஒதுங்கப் பார்த்தது. விரட்டினார்கள். மூங்கில் புதரடியில் சுருண்டது. குரங்குகள் மேலேயிருந்து கொம்புகளை ஒடித்துப் போட்டன. கடைசியில் ஒரு பாறை இடுக்கில் அடிபட்ட உடம்போடு அது கிடந்தபோது, தேடிக்கொண்டு வந்து நலம் விசாரித்தது ஒரே ஒரு ஆள்தான். சிங்காரம்.

"அடடா! அண்ணனை இப்படியா பண்ணுவாங்க! எனக்கு நெஞ்சே ஆறலை!" என்றது நரி. ஒரு எலியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது.

இருளாண்டி எலியைப் பார்த்தது. நரியைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே? மானுங்க அழுதுட்டுப் போயிருக்கும். கிளப்பிவிட்டது அந்தப் பன்றி. 'கூலிக்குக் கடிச்ச பாம்பு குட்டிக்குப் பக்கத்துல இருக்கலாமா? புத்தை இடிங்க!'ன்னு முன்னாடி நின்னு கத்தினானாமே! நேத்து வந்த பய, உங்களைக் காட்டைவிட்டே துரத்திட்டான்!"

முன்னால் நின்று கத்தியதை இருளாண்டி தன் கண்ணாலேயே பார்த்திருந்தது. திறந்த வாய். நீட்டிய பல். அது போதுமானதாக இருந்தது.

"அவன் எந்தத் தடத்துல நடப்பான்?" என்று கேட்டது.

நரி சிரிக்கவில்லை. சிரித்தால் கெட்டுவிடும் என்று அதற்குத் தெரியும். "நாளைக்குக் காலையில உங்க பழைய புத்துப் பக்கம் வருவான்னு கேள்வி. மிச்சத்தையும் இடிக்கப் போறானோ என்னவோ!" என்றது.

காலையில் வெயில் ஏறத் தொடங்கியபோது இருளாண்டி தன் புற்றுக்குப் போகும் தடத்தில், சருகுக்குள் கிடந்தது. உடம்பு எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தது. எப்படிச் சுருள்வது, எப்படி மூச்சை அடக்குவது என்று யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதுதான் அதற்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

சடையன் வந்தது. தனியாக, வேகமாக, மூச்சிரைக்க வந்தது. முன்னங்கால் சருகில் பட்டது.

இருளாண்டி சீறவில்லை. கடித்தது. பன்றித் தோல் கனம் என்று அதற்குத் தெரியும். அதனால் பல்லை ஆழப் பதித்து, பையில் இருந்த விஷத்தை ஒரு சொட்டு பாக்கி வைக்காமல் இறக்கியது.

சடையன் ஒரு குலுக்கு குலுக்கி விலகியது. குனிந்து பார்த்தது.

"ஏப்பா இருளாண்டி! உன்னைத் தேடித்தானே வந்தேன்!"

"புத்தை இடிக்கவா?"

"புத்தை இடிக்கவா? அட கிறுக்கா! அந்தக் கிழக் குரங்கு நேத்து என்கிட்ட வந்து உண்மையைக் கக்கிருச்சு. குட்டி பாறையில விழுந்து செத்துச்சாம். நரிதான் முள்ளால குத்திப் போட்டானாம். இன்னைக்கு எல்லாரையும் ஊத்தடிக்குக் கூட்டியிருக்கேன். உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லணும்னுதான் உன் புத்துப் பக்கம் தேடிக் கூப்பிட வந்தேன்."

இருளாண்டி சருகிலிருந்து தலையைத் தூக்கியது. "அன்னைக்கு... முன்னாடி நின்னு கத்தினியே!"

"'விசாரிக்காமக் கல்லெடுக்காதீங்கடா'ன்னு கத்தினேன். எவன் கேட்டான்?" என்றது சடையன். காலைத் தூக்கிப் பார்த்தது. ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. "நீயும் கேட்கலையாக்கும்!"

"சடையா, நான்..."

"பேச நேரமில்லப்பா. மழைக்கு இன்னும் நாள் கிடக்கு. ஊத்து இன்னும் கொஞ்சம் ஆழம் போனாத்தான் இந்தக் கோடை தாங்கும். விஷம் ஏறுறதுக்குள்ளே தோண்டிடறேன்!"

நொண்டிக்கொண்டே ஓடியது. இருளாண்டி பின்னாலேயே ஊர்ந்தது.

ஊற்றடியில் காடு கூடி நின்றது. சடையன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நேராகப் பள்ளத்தில் இறங்கித் தோண்டியது. மணல் பறந்தது. மூக்கில் ரத்தம் வந்தது, ரத்தத்தோடு தோண்டியது. "என்னாச்சு? என்னாச்சு?" என்று முயல்கள் கத்தின. பள்ளத்தில் நீர் குபுகுபுவென்று ஏறியது. அந்த நீரில் மூக்கை வைத்தபடியே சடையன் சாய்ந்தது. சொல்ல வந்ததைச் சொல்ல அதற்கு நேரம் போதவில்லை.

அப்போதுதான் எல்லோரும் கரையில் கிடந்த இருளாண்டியைப் பார்த்தார்கள். சடையனின் கால் துளைகளைப் பார்த்தார்கள்.

"பார்த்தீங்களா! அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றது கொம்பையன். அதன் குரலில் துக்கம் கொஞ்சம், வெற்றி மிச்சம்.

கிழக் குரங்கு வாயைத் திறந்தது. எல்லோர் முகத்தையும் பார்த்தது. இனிமேல் சொல்லி என்ன என்று மூடிக்கொண்டது.

இருளாண்டி செவந்தியைப் பார்த்தது. இந்த முறை செவந்தி எதுவும் கேட்கவில்லை. மகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

இருளாண்டி நேராகக் கோரைச்சுனைக்குப் போனது. பாறைமேல் மொக்கையனும், அதன் காலடியில் சிங்காரமும் இருந்தார்கள். இருளாண்டி நிற்கவில்லை, பேசவில்லை. பாய்ந்து நரியின் கழுத்தில் கடித்தது.

நரி ஊளையிட்டு உருண்டது. பிறகு எழுந்து உட்கார்ந்தது. கழுத்தை நக்கிப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. இருந்த விஷமெல்லாம் சடையனின் உடம்புக்குப் போய்விட்டது. நரிக்குக் கிடைத்தது வெறும் முள்ளுக்குத்து.

"அண்ணே! உள்ளதை எல்லாம் நல்லவனுக்கே கொடுத்துட்டீங்களே!" என்றது நரி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நீ ஏமாத்திட்டே!" என்றது இருளாண்டி.

"நான் ஒரு சொல்லு சொன்னேன். கடிச்சது யாரு?"

ஒரு கழுதைப்புலி இருளாண்டியை மிதிக்கக் காலைத் தூக்கியது. மொக்கையன் தடுத்தது. "விடுடா! விஷம் மறுபடி ஊறும். அதுவரைக்கும் பாறையடியில கிடக்கட்டும். அதுக்கு வேற எங்கே இடம்?"

எங்கேயும் இல்லை. இருளாண்டி பாறையடியில் கிடந்தது. பழைய மானியமாக எலிகள் வந்து சேர்ந்தன. தின்னக்கூடாது என்று சில நாள் இருந்தது. பிறகு பசி வந்தது. தின்றது.

சடையன் போனதும் மொக்கையனின் கூட்டம் ஊற்றையும் வளைத்துக்கொண்டது. ஆழமாகத் தோண்டிய ஊற்று. நன்றாகவே நீர் கொடுத்தது. கப்பம் இரண்டு குட்டி ஆயிற்று. கொம்பையன் முதல் ஆளாகக் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டது.

அடுத்த கோடையில் ஒரு முயல், "மண்ணு கொடுக்கிற தண்ணிக்கு நாங்க ஏன் பிள்ளையைக் கொடுக்கணும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டது. மொக்கையன் சிரித்தது. அன்று மத்தியானமே சிங்காரம் பாறையடிக்கு வந்தது.

"அண்ணே!"

இருளாண்டி தலையைத் தூக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"யாரு?" என்று மட்டும் கேட்டது.

திருந்தி வந்தவனை நம்பாமல் துரத்துகிற ஊரும், காதில் விழுந்ததை விசாரிக்காமல் பல்லைப் பதிக்கிறவனும், கடைசியில் ஒரே கொடியவனுக்குத்தான் வேலை செய்கிறார்கள்.